ஆறாவது பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாமா?

வாசகர் கேள்வி:

ஐயா, வணக்கம். எனக்கு வயது 51. திருநெல்வேலி மாவட்டத்தில் கருவூலத் துறையில் பணியாற்றுகிறேன். கல்லூரிக்குப் போய்ப் படித்தது பி.காம். மட்டுமே. 2004ஆம் ஆண்டிலிருந்து தொலைநிலைக் கல்வியில் எம்.காம்., எம்.ஏ. வரலாறு, எம்.ஏ. தமிழ், எம்.எஸ்சி. உளவியல் என்று ஒவ்வொன்றாக முடித்திருக்கிறேன். இவற்றால் எனக்குப் பதவி உயர்வோ ஊதிய உயர்வோ கிடைக்கவில்லை. அதற்காக நான் படிக்கவும் இல்லை. படிக்கப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். இப்போது எம்.ஏ. தத்துவம் சேர ஆசை. ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்கலாம் என்கிறார்களே, கூடவே இதழியலும் சேரலாமா என்று பார்க்கிறேன். கணவர் தடுப்பதில்லை, ஆனால் "இன்னும் எத்தனை?" என்று கேட்கிறார். தம் மகளின் திருமண அழைப்பிதழில் என் பெயரைப் போடும்போது, "உன் பட்டங்களுக்குத் தனிப் பக்கம் அடிக்க வேண்டும்" என்று அண்ணன் எல்லார் முன்னிலையிலும் கேலி செய்தார். அதையெல்லாம் தாங்கிக்கொள்வேன். தேர்வு முடிவு வந்த இரவே அடுத்த படிப்புக்கான விண்ணப்பத்தைத் தேடத் தொடங்கிவிடுகிறேன் என்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. சென்ற மாதம் அம்பாசமுத்திரம் பக்கத்திலுள்ள என் பிறந்த ஊருக்குப் போயிருந்தோம். கோயில் சுவரிலிருந்த கல்வெட்டைக் காட்டி, "நீதான் எம்.ஏ. ஹிஸ்டரி ஆயிற்றே, இதில் என்னம்மா எழுதியிருக்கிறது?" என்று மகள் கேட்டாள். ஓர் எழுத்துகூட எனக்குப் புரியவில்லை. நான் முதல் வகுப்பில் தேறியவள். இது ஒரு நோயா ஐயா? நிறுத்திவிடட்டுமா? அல்லது பேசாமல் பிஎச்.டி. சேர்ந்துவிடட்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நான் மருத்துவன் அல்லன். தொலைநிலைக் கல்வித் துறையில் நெடுங்காலம் பாடம் நடத்தி, விடைத்தாள் திருத்தி, சேர்க்கை ஆலோசனை சொல்லி ஓய்வு பெற்றவன். அந்த அனுபவத்தைக் கொண்டு உங்கள் முதல் கேள்விக்கு விடை சொல்லலாம். படிப்பு ஒருவரைப் பீடித்துவிட்டது என்று நான் எண்ணிய இடங்களில் எல்லாம் சில அடையாளங்கள் இருந்தன: கட்டணத்துக்குக் கடன் வாங்குவது, சேர்ந்ததை வீட்டில் மறைப்பது, தேர்வுக்காக அலுவலக வேலையைக் கெடுத்துக்கொள்வது, ஒன்றையும் முடிக்காமல் அடுத்ததற்குத் தாவுவது. உங்கள் கடிதத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. சேர்ந்த நான்கையும் முடித்திருக்கிறீர்கள். தொலைநிலைக் கல்வியில் அதுவே அரிது. முதல் ஆண்டுப் பாடப் பொட்டலத்தைக் கட்டுப் பிரிக்காமலே வைத்திருந்தவர்களை நான் ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். ஆகவே இது நோயன்று.

"எதற்காகப் படிக்கிறாய்?" என்ற கேள்வி உங்களைச் சுற்றி எழுவதற்குக் காரணமும் உண்டு. தில்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் அதே வழியில் வந்தன. எழுத்தர்களும் இடைநிலை ஆசிரியர்களும் வேலையை விடாமல் பட்டம் பெற்று அடுத்த படிக்குப் போவதற்கான வாய்ப்பாகவே நம் மக்கள் அதைக் கண்டார்கள். அரசுப் பணியில் உயர்கல்விக்கு ஊக்க ஊதியம் கிடைத்து வந்த காலத்தில் அந்தக் கணக்கு சரியாகவும் இருந்தது. தபாலில் படித்தால் அதற்கு ஒரு பலன் இருந்தாக வேண்டும் என்ற எண்ணம் அப்படி ஊறியதுதான். உங்கள் அண்ணனின் கேலி அங்கிருந்து வருகிறது. அதே அண்ணன், நீங்கள் ஆண்டுதோறும் அந்தச் செலவில் ஒரு பட்டுப்புடவை எடுத்திருந்தால் எதற்காக என்று கேட்டிருக்க மாட்டார் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

பட்டங்களைச் சேர்ப்பதைப் பற்றிப் பேசும்போது நம் நாட்டில் எல்லாரும் நாக்பூரைச் சேர்ந்த ஸ்ரீகாந்த் ஜிச்கரை (1954–2004) எடுத்துக்காட்டுவார்கள். மருத்துவம், சட்டம், வணிக மேலாண்மை, இதழியல், வரிசையாகப் பல எம்.ஏ. பட்டங்கள், சமற்கிருதத்தில் டி.லிட். என்று 20 பட்டங்கள் பெற்றவர் என்பார்கள். 42 பல்கலைக்கழகத் தேர்வுகளை எழுதியதாகவும் சொல்லப்படுகிறது. ஐ.ஏ.எஸ். தேறியும் அதை உதறிவிட்டு அரசியலுக்கு வந்தார். வியப்புக்குரிய மனிதர்தான். ஆனால் அவரைப் பற்றிப் பேசுகிறவர்களிடம், அந்தப் பாடங்களில் அவர் கேட்ட கேள்வி என்ன, கண்டது என்ன என்று விசாரித்தால் பெரும்பாலும் விடை வராது. எண்ணிக்கை மட்டுமே ஊரில் தங்கியிருக்கிறது. பட்டங்களைச் சேர்ப்பவருக்கு உள்ள ஆபத்து இதுதான் என்று நினைக்கிறேன்: மற்றவர்கள் எண்ணத் தொடங்கியதும் நாமும் எண்ணத் தொடங்கிவிடுவோம்.

எனக்கு அவரைவிடப் பிடித்தவர் ராஜ்குமார் வைஸ்யா. 1938இல் ஆக்ரா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, வேலை, குடும்பம் என்று காலம் கழிந்த பின், பாட்னாவில் மகன் வீட்டில் இருந்தபோது நாளந்தா திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பொருளியல் சேர்ந்து, 2017இல் ஏறத்தாழ 98 வயதில் தேறினார். நாட்டில் வறுமை ஏன் தீரவில்லை என்பதைப் புரிந்துகொள்ளவே பொருளியலை எடுத்ததாக அவர் சொன்னதைச் செய்தித்தாள்கள் வெளியிட்டன. அந்த வயதில் அவருக்கு அதனால் ஒரு பலனும் இல்லை என்பது வெளிப்படை. ஆனாலும் அவர் கையில் ஒரு கேள்வி இருந்தது. பட்டம் அதைப் பின்தொடர்ந்தது. உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தபோது நான் தேடியது அப்படியொரு கேள்வியைத்தான். தத்துவத்தைப் பற்றி நீங்கள் எழுதியதில் "ஆசை" என்ற சொல்லைத் தவிர வேறு விளக்கம் இல்லை. இதழியலைப் பற்றி அதுவும் இல்லை. மகள் கேட்ட கேள்வியைப் பற்றியோ நான்கு வரி எழுதியிருக்கிறீர்கள்.

தேர்வு முடிவு வந்த இரவே அடுத்த விண்ணப்பத்தைத் தேடுகிறேன் என்ற வரிக்கு வருகிறேன். உளவியல் படித்த உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை என்றாலும், கல்விக்காரன் பார்வையில் சொல்கிறேன். ஒரு படிப்பில் சேர்ந்திருக்கும் வரை நம் மாலை வேளைகளுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. எந்தப் பாடம், எந்தப் பக்கம் வரை, ஒப்படைப்பை எந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும், ஜூன் தேர்வா, டிசம்பர் தேர்வா என்பதையெல்லாம் வேறொருவர் முடிவுசெய்து கொடுத்துவிடுகிறார். முடிவு வந்த அன்று அந்த ஒழுங்கு போய்விடுகிறது; இனி என்ன படிப்பது, எப்படிப் படிப்பது என்பதை நாமே முடிவுசெய்ய வேண்டிய நிலை வருகிறது. உண்மையில் ஒரு பாடத்தோடு நமக்குள்ள சொந்த உறவு அந்த நாளில்தான் தொடங்க வேண்டும். நீங்கள் நான்கு முறையும் அந்த வாசலில் கால் வைத்த உடனே திரும்பிவந்து, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறீர்கள்.

அதனால் விளைந்ததைக் கோயில் சுவர் காட்டியது. இதில் நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தொலைநிலையில் எம்.ஏ. வரலாறு எப்படிப் படிக்கப்படுகிறது என்பது நம் இருவருக்குமே தெரியும். தேர்வுக்கு முந்திய ஒன்றரை மாதத்தில் கடந்த ஐந்தாண்டு வினாத்தாள்களைச் சேர்த்து, திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைக் குறித்துக்கொண்டு, சோழர் ஆட்சிமுறைக்கு எட்டுப் பக்கம், நிரந்தர நிலவரித் திட்டத்துக்கு ஆறு பக்கம் என்று தயாரித்து, கைவிரல் வலிக்க மூன்று மணி நேரம் எழுதினால் முதல் வகுப்பு கிடைத்துவிடும். சோழர் ஆட்சிமுறை பற்றிய அந்த எட்டுப் பக்கத்தில் உத்தரமேரூர்க் கல்வெட்டு நிச்சயம் இடம்பெறும். அந்தக் கல்வெட்டின் ஒரு வரியையாவது எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டும்படி எந்த வினாத்தாளும் கேட்பதில்லை. அதோடு உங்கள் பிறந்த ஊர்ப் பகுதியில் உள்ள பழைய கல்வெட்டுகள் பல, தமிழை எழுதப் பயன்பட்ட பழைய எழுத்து வடிவமான வட்டெழுத்தில் இருப்பவை. பாண்டிய நாட்டில் சோழர் ஆட்சி பரவிய பிறகு, பதினோராம் நூற்றாண்டை ஒட்டி அந்த எழுத்து அங்கே படிப்படியாக வழக்கிழந்தது. தனியே பயிலாமல் அதை யாரும் படித்துவிட முடியாது, எம்.ஏ. தமிழும் அதற்கு உதவாது.

இந்த இடத்தில் உங்கள் தொழிலையும் சேர்த்துப் பார்க்கிறேன். அம்பாசமுத்திரத்தில் கிடைத்த வரகுண பாண்டியனின் வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று, கல்வெட்டுகளைப் பதிப்பித்து வெளியிடும் எபிகிராபியா இண்டிகா என்ற இதழின் 9ஆம் தொகுதியில் அச்சாகியிருக்கிறது. பெண்ணையாற்றங்கரையில் அரைசூரில் தங்கியிருந்த அரசன், கோயில் வழிபாட்டுக்காக இளங்கோக்குடிச் சபையாரிடம் 290 காசு கொடுக்கிறான். அசல் தொகையைத் தொடக்கூடாது, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 கலம் நெல் வட்டியாக அளக்க வேண்டும், ஆக 580 கலம். அதை எந்தெந்தப் படையலுக்கு எவ்வளவு என்று பிரித்துச் செலவிட வேண்டும் என்பது வரை கல்லில் வெட்டியிருக்கிறார்கள். நிரந்தர வைப்பு, வட்டி, ஒதுக்கீடு, பொறுப்பேற்கும் அமைப்பு என்று கருவூலத்தில் நீங்கள் நாள்தோறும் கையாளும் அனைத்தும் அதில் உண்டு. வணிகவியலும் வரலாறும் தமிழும் ஒருசேரப் படித்த ஒருவர் உட்கார்ந்து வாசிக்க வேண்டிய ஆவணம் அது. அப்படிப் படித்தவர்கள் அதிகம் பேர் இல்லை, நீங்கள் இருக்கிறீர்கள். உங்கள் நான்கு பட்டங்களும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை. சந்திக்க இப்படியொரு இடம் இருக்கும்போது ஐந்தாவதாக ஓர் அந்நியரை ஏன் வீட்டுக்கு அழைக்க வேண்டும்?

ஆகவே என் முதல் ஆலோசனை: வருகிற ஜூலைச் சேர்க்கையில் எதிலும் சேராதீர்கள். ஓர் ஆண்டு வட்டெழுத்துக்குக் கொடுங்கள். முழுநேரமாகத் தங்கிப் படிக்க வேண்டிய கல்வெட்டியல் பட்டயங்கள் வேலையிலிருக்கும் உங்களுக்கு ஒத்துவரா. அவை தேவையும் இல்லை. எழுத்து வளர்ச்சி அட்டவணை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மைப்படியின் (கல்லின் மேல் தாளை ஒற்றி மையால் எடுத்த படி) படமும் அதன் அச்சு வடிவமும் சேர்ந்து வெளியான ஒரு கல்வெட்டை எடுத்து, நாள் ஒன்றுக்கு ஒரு வரி என்று ஒப்பிட்டுப் படித்து வாருங்கள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 14ஆம் தொகுதி முழுவதும் பாண்டியர் கல்வெட்டுகளே. அந்த வரிசையின் தொகுதிகள் பலவும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் ஊர்க் கோயிலின் கல்வெட்டு ஏற்கெனவே படியெடுக்கப்பட்டு அச்சில் வந்திருக்கவும் கூடும். முதலில் அதைத் தேடுங்கள். கோயிலில் படம் எடுப்பதானால் நிர்வாக அலுவலரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று மாவோ சுண்ணாம்போ பூசாதீர்கள். ஆர்வத்தில் பலர் செய்யும் கேடு அது.

இந்த ஓராண்டின் முடிவில் உங்களிடம் மதிப்பெண் பட்டியல் எதுவும் இருக்காது. அது உங்களை எவ்வளவு உறுத்துகிறது என்று கவனியுங்கள். சான்றிதழ் இல்லாமல் ஒரு மாலை வேளையைக்கூட ஒரு பாடத்துக்குக் கொடுக்க முடியவில்லை என்றால், உங்களுக்குப் பிடித்தது படிப்பைவிடத் தேறுவதுதான் என்று தெரிந்துகொள்ளலாம். அதுவும் குற்றமில்லை, சிலருக்குக் குறுக்கெழுத்துப் போட்டி போலத் தேர்வு எழுதுவதே ஓர் இன்பம். ஆனால் அப்போது அதை அந்தப் பெயரிலேயே அழைத்து, மகளிடமும் அப்படியே சொல்லிவிடலாம்.

இனி தத்துவம். சேரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சேர்வதற்கு முன் எதில் சேருகிறோம் என்று பாருங்கள் என்கிறேன். இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் பாடநூல்கள் இ-ஞானகோஷ் என்ற அதன் இணையக் களஞ்சியத்தில் எவரும் படிக்கத் திறந்தே கிடக்கின்றன. முதலாண்டுக்குரிய இந்தியத் தத்துவப் பாடத் தொகுதியை எடுத்து மூன்று மாதம் படித்துப் பாருங்கள். மைய அரசின் இணையவழிக் கல்வித் தளமான சுவயத்தில் 2017இலிருந்து நடந்துவரும் பாடங்களைக் கட்டணம் இல்லாமல் கேட்கலாம். தேர்வும் சான்றிதழும் வேண்டுமென்றால்தான் பணம் கட்ட வேண்டும். அதற்கும் முன்னால், எம்.ஏ. தமிழுக்காக நீங்கள் படித்திருக்கக்கூடிய மணிமேகலையின் 27ஆம் காதையை மீண்டும் எடுங்கள். வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியாகப் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள்; அளவைவாதி முதல் பூதவாதி வரை வரிசையாகப் பேசுகிறார்கள். 29ஆம் காதையில் தருக்கமே வந்துவிடுகிறது. அடுத்து, பிற மதங்களை எடுத்துச் சொல்லி மறுக்கும் சிவஞானசித்தியார் பரபக்கம். தேர்வுக்காக இவற்றைப் படித்தபோது "சமயக்கணக்கர் பற்றி ஒரு பக்கத்தில் எழுதுக" என்ற அளவில் தாண்டியிருப்பீர்கள். இப்போது, இந்த வாதி சொல்வது சரியா என்று கேட்டுக்கொண்டே படித்தால், தத்துவத்தில் உங்களுக்கு உண்மையிலேயே கேள்வி இருக்கிறதா என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிடும்.

கேள்வி இருக்கிறது, சேர்ந்தே தீருவேன் என்று முடிவுசெய்தால் நேரக் கணக்கைப் போட்டுவிடுங்கள். இக்னோவில் இரண்டாண்டு முதுகலைப் படிப்புகள் பல 80 கிரெடிட் கொண்டவை. ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேர உழைப்பு என்று அவர்களே வரையறுத்திருக்கிறார்கள். ஆக 2,400 மணி நேரம். இரண்டு ஆண்டில் முடிப்பதானால் வாரத்துக்கு ஏறத்தாழ 23 மணி நேரம். அனுமதிக்கப்படும் உச்ச வரம்பான நான்கு ஆண்டுகளுக்குப் பரப்பினால் பதினொன்றரை மணி நேரம். மாதக் கடைசியில் கருவூலத்தில் எத்தனை மணிக்கு வீடு திரும்புவீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். இந்த மணி நேரத்தைக் கொடுக்காமலும் தேறலாம் என்பதை நீங்கள் நான்கு முறை நிரூபித்திருக்கிறீர்கள். ஆனால் அதன் விளைவைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். எனவே நான்கு ஆண்டுத் திட்டம் போடுங்கள். ஒப்படைப்புகளுக்கு 30 விழுக்காடு மதிப்பு உண்டு. பலர் அவற்றை ஒரே வாரத்தில் பாடநூலைப் பார்த்து எழுதித் தள்ளுவார்கள். திருத்துகிறவனுக்கு அது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். உங்களைப் போன்றவர்களுக்குப் படிப்பில் மிக மதிப்புள்ள பகுதி அதுவே. ஏனெனில் உங்கள் எழுத்தைப் படித்து ஒருவர் கருத்துச் சொல்லும் வாய்ப்பு இங்கு மட்டுமே கிடைக்கிறது.

ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் என்பது உண்மைதான். பல்கலைக்கழக மானியக் குழு 2022 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, நேரடி வகுப்பில் ஒன்றும் தொலைநிலை அல்லது இணையவழியில் மற்றொன்றுமாகவோ, இரண்டையுமே தொலைநிலை அல்லது இணையவழியிலோ படிக்கலாம். ஆய்வுப் படிப்புக்கு இது பொருந்தாது. அனுமதி இருக்கிறது என்பதற்காகச் செய்ய வேண்டியதில்லை. மேலே போட்ட மணிக் கணக்கை இரண்டால் பெருக்கிப் பாருங்கள். இதழியல் எதற்கு என்று உங்கள் கடிதத்தில் ஒரு காரணமும் இல்லாததால் அதை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

எதில் சேர்ந்தாலும், அந்தப் பல்கலைக்கழகத்தின் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு அந்த ஆண்டில் அனுமதி இருக்கிறதா என்பதை மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவான டெப்-இன் இணையதளத்தில் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருந்தும் படிப்புக்கு இல்லாமல் போவது உண்டு. சென்ற ஆண்டு இருந்தது இந்த ஆண்டு நின்றுபோவதும் உண்டு. உளவியலே அதற்குச் சான்று: 2025 ஜூலை–ஆகஸ்டுச் சேர்க்கை முதல் அதையும் நுண்ணுயிரியல், உணவு ஊட்டச்சத்தியல், உயிர்த் தொழில்நுட்பம் போன்றவற்றையும் தொலைநிலையில் நடத்தக் கூடாது என்று மானியக் குழு சொல்லிவிட்டது. முன்பே முறைப்படி முடித்த உங்கள் பட்டத்துக்கு அதனால் பாதிப்பில்லை. ஆனால் உறவினர்கள் "நீ சைக்காலஜிதானே படித்தாய்" என்று மனநலச் சிக்கல்களைக் கொண்டுவந்தால், கேட்டுக்கொண்டு மருத்துவரிடம் அனுப்பிவையுங்கள். சிகிச்சை தரும் உரிமையை அந்தப் பட்டம் தருவதில்லை. தொலைநிலையில் சேர டெப் அடையாள எண் இப்போது கட்டாயம். அதற்கு படிப்பில் பெறும் கிரெடிட்டுகளைப் பதிந்து வைக்கும் ஏபிசி எனப்படும் கிரெடிட் வங்கிக் கணக்கு வேண்டும். உங்கள் பழைய பட்டங்களின் காலத்தில் இவை இல்லாததால் புதிதாக எடுக்க வேண்டியிருக்கும். அரசு ஊழியர் என்ற முறையில் அலுவலகத் தலைவரிடம் முன் அனுமதி பெறுவதும், முடித்தபின் பணிப்பதிவேட்டில் பதிவதும் நீங்கள் அறிந்தவையே.

பிஎச்.டி. பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை ஆறாவது பட்டமாக நினைத்துச் சேராதீர்கள். வயது தடையில்லை. ஆனால் அதைத் தொலைநிலையில் செய்ய முடியாது. 2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி பகுதிநேரமாகச் செய்யலாம், அதற்கு அலுவலகத்தின் தடையின்மைச் சான்று தேவை. முதுகலையில் பொதுவாக 55 விழுக்காடு மதிப்பெண், நுழைவுத் தேர்வு அல்லது தேசியத் தகுதித் தேர்வு, குறைந்தது 12 கிரெடிட் பாடநெறி, மூன்று முதல் ஆறு ஆண்டு காலம், பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டுச் சலுகை என்பவை அடிப்படை நிபந்தனைகள். இவையெல்லாம் உங்களால் முடியும். முடியுமா என்று எனக்கு ஐயமாக இருப்பது வேறு: இதுவரை நீங்கள் படித்த ஒவ்வொரு படிப்பிலும் கேள்வியை மற்றவர் கேட்டார், நீங்கள் விடை எழுதினீர்கள். ஆய்வில் அது தலைகீழ். வினாத்தாள் வராது; நெறியாளரும் ஓர் எல்லைக்கு மேல் சொல்லித்தர மாட்டார். கேள்வி கையில் இல்லாமல் ஆய்வுக்குப் போய், முதல் ஆண்டு முழுவதும் தலைப்பைத் தேடுவதிலேயே களைத்து, நான்காம் ஆண்டில் விலகிப் போனவர்களில் உங்களைப் போல எல்லாத் தேர்விலும் முதல் வகுப்பு வாங்கியவர்களே அதிகம். வட்டெழுத்து கைவந்து, ஒரு வட்டாரத்தின் கோயில் வைப்புகளையும் வட்டி விகிதங்களையும் நீங்களாகவே ஓராண்டு தொகுத்துப் பார்த்த பின், "இந்த ஊரில் மட்டும் ஏன் இப்படி?" என்று ஏதாவது ஒன்று உங்களைத் தூங்கவிடாமல் செய்தால், அப்போது நெறியாளரைத் தேடுங்கள். ஓய்வு வயது 60 என்பதால் உங்களுக்கு இன்னும் ஒன்பது ஆண்டுப் பணி இருக்கிறது, அவசரம் ஏதுமில்லை.

கணவர் கேட்ட "இன்னும் எத்தனை?" என்பதைக் கேலியாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அது கட்டணத்தைப் பற்றிய கேள்வியாகவும் தெரியவில்லை. இருபது ஆண்டுகளாக ஜூனிலும் டிசம்பரிலும் வீட்டில் விருந்தாளி வராமல் பார்த்துக்கொண்டவர், பயணங்களைத் தள்ளிப்போட்டவர் அவர். தேர்வு முடிந்த பிறகாவது நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று ஒவ்வொரு முறையும் எதிர்பார்த்திருப்பார்; அன்றிரவே நீங்கள் அடுத்த விண்ணப்பத்தைத் திறந்திருக்கிறீர்கள். அவரிடம் எண்ணிக்கையைச் சொல்லி வாக்குக் கொடுக்காதீர்கள்; காப்பாற்ற மாட்டீர்கள். ஒரு பட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஓராண்டு இடைவெளி விடுவதாகச் சொல்லுங்கள். அது உங்களுக்கும் நல்லது.

தத்துவத்துக்கான கதவு எங்கும் மூடிவிடாது. இக்னோவில் ஜனவரி, ஜூலை என்று ஆண்டுக்கு இரு முறை சேர்க்கை நடக்கிறது. மணிமேகலையையும் இ-ஞானகோஷ் தொகுதியையும் படித்து முடித்த பிறகு, எந்தக் கேள்விக்காகத் தத்துவம் படிக்கப் போகிறீர்கள் என்பதை ஒரு தாளில் பத்து வரிகளில் எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தால் அடுத்து வரும் சேர்க்கையில் தயங்காமல் சேருங்கள்; எழுத முடியவில்லை என்றால் விண்ணப்பக் கட்டணம் மிச்சம்.